செயற்கைக்கோள் அளப்பது எந்த வெப்பம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வறண்ட நிலங்கள் சூடேறி வருவதைச் செயற்கைக்கோள் படங்களுடன் விளக்கிய கட்டுரையைப் படித்தேன். அதில் பொதுவாக ‘வெப்பநிலை’ என்று எழுதப்பட்டிருப்பது தரைப்பரப்பின் சூடு. வானிலை நிலையம் தரைக்கு மேல் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்தில், நிழற்கூண்டுக்குள் அளப்பது காற்றின் சூடு. ஈரமற்ற வெற்று மணலில் நண்பகல் வேளையில் இரண்டுக்கும் 20 டிகிரிக்கு மேல்கூட வேறுபாடு வரும். ஈரானின் லூத் பாலைவனத்தில் 2005இல் மோடிஸ் (நாசா செயற்கைக்கோள்களில் உள்ள, தரையின் வெப்பக் கதிர்களை அளக்கும் கருவி) பதிந்த 70.7 டிகிரி செல்சியஸும் தரைச்சூடுதான். இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலந்தால் அதில் தெரியும் ஏற்றத்தை நம்பவே முடியாது.

பெரும்பாலோர் எடுத்தாளுவது, ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக எட்டு நாள் பதிவுகளைச் சராசரியாக்கித் தரும் மோடிஸ் தொகுப்பு. அதன் எண்களை 0.02ஆல் பெருக்கினால் கெல்வின் வரும், 273.15 கழித்தால் செல்சியஸ். பூஜ்யம் என்றிருந்தால் அங்கே தரவு இல்லை என்று பொருள். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் எல்லாம் கெடும். தரவுடன் வரும் தரக்குறியீட்டைப் பார்த்து, பிழை இரண்டு கெல்வினுக்கு மேற்பட்ட பிக்சல்களையும் (படத்தின் கட்டங்களையும்) விலக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மாதத்தின் மதிப்பிலிருந்தும் அதே மாதத்தின் பல்லாண்டுச் சராசரியைக் கழித்து, எஞ்சும் விலகலுக்கே சென் சாய்வு (விதிவிலக்கான எண்களால் எளிதில் திரிபடையாத போக்குக் கணக்கு) காண வேண்டும்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஏமாற்றக்கூடியது கடக்கும் நேரம். மோடிஸைச் சுமக்கும் டெர்ரா செயற்கைக்கோள் நீண்ட காலம் உள்ளூர் நேரம் காலை 10.30 மணியளவில் நிலநடுக்கோட்டைக் கடந்து வந்தது. 2020க்குப் பின் அதன் பாதையைத் திருத்தும் இயக்கங்கள் நின்றன. 2022 அக்டோபரில் நேரம் 10.15 ஆனது, அதன் பிறகும் இன்னும் முந்திக்கொண்டே போனது. காலையில் வறண்ட தரை மணிக்குப் பல டிகிரி வேகத்தில் சூடேறும். எனவே கால் மணி நேரம் முந்திப் பார்த்தாலே ஏறத்தாழ ஒரு டிகிரி குறையலாம். நாம் தேடும் போக்கோ பத்தாண்டுக்கு டிகிரியின் சில பத்தில் பங்குதான்! காலைப் பதிவை அப்படியே நீட்டினால், பாலைவனம் குளிர்ந்துவிட்டதாகக்கூடக் காட்டும். இரவில் தரை மெதுவாகவே குளிரும் என்பதால் இரவுப் பதிவுகளில் இந்தப் பிழை மிகச் சிறியது. போக்கை அங்கிருந்து தொடங்கிப் பார்ப்பதே நல்லது.

மணலின் உமிழ்திறனும், அதாவது சூட்டைக் கதிராக வெளிவிடும் திறனும், சிக்கல் தரும். நிலவகையை வைத்து உமிழ்திறனை முன்கூட்டியே ஒதுக்கும் முறை, பாலைமணலில் சில டிகிரி குறைத்துக் காட்டுவதுண்டு. மூன்று அலைவரிசைகளிலிருந்து உமிழ்திறனையும் சேர்த்துக் கணிக்கும் முறை வேறு எண் தரும். பாதித் தொடரை ஒரு முறையிலும் மீதியை மற்றொன்றிலும் எடுத்தால் நடுவில் பொய்யான படி ஒன்று எழும். தரவின் பதிப்பு மாறினாலும் அப்படித்தான்.

மேகமற்ற வானில்தான் இந்த அளவீடு கிடைக்கும் என்பதையும், புழுதிப்படலம் சில வேளை மேகமுள்ள பதிவுகளை நீக்கும் சல்லடையைத் தாண்டி நுழைந்து சூட்டைக் குறைத்துக் காட்டும் என்பதையும் வாசகர் அறிய வேண்டும். ஓரிடத்தில் பகல்சூடு திடீரெனத் தணிந்திருந்தால், அங்கே புதிதாகப் பாசனம் வந்ததா என்பதைத் தாவரக் குறியீட்டில் (பசுமையின் அளவைக் காட்டும் எண்ணில்) பார்த்துவிட்டு எழுதுங்கள். இனி வெளியிடும் படங்களின் கீழே கடக்கும் நேரம், பகலா இரவா, தரவின் பதிப்பு எண் ஆகிய மூன்றையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொலையுணர்வுத் துறை வாசகர்