மச்சான், பத்தாவது வருடத்தை நினைத்து வாங்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும்தான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் மொறட்டுவையில் மின் பொறியியல் படிக்கிறாள். இரவில் வீட்டுக்கு வந்தால் நானும் அவளும் மோட்டர், இன்வேர்ட்டர் என்று கதைத்துக்கொண்டே சாப்பிடுகிறோம். கராஜில் வேலைக்குக் குறைவில்லை.

சரி, நீ கேட்ட விஷயம். போன் கொம்பனிக்காரர் செய்கிற மின்சாரக் கார்தான் நல்லது என்று உன் மகன் சொல்கிறான். ரொயோட்டா, நிசான் என்று கார் செய்தே பழகியவர்களை விட்டு வெளியே போகமாட்டேன் என்று நீ நிற்கிறாய். வாகன மின்வேலை செய்கிறவன் என்றபடியால் என்னிடம் தீர்ப்புக் கேட்கிறாய்.

முதலில் மகனுடைய பக்கம். அவன் சும்மா சொல்லவில்லை. போன் செய்கிற சீனாவின் சியோமி, கார் செய்யப்போவதாக அறிவித்தது 2021 மார்ச்சில். அவர்களின் முதல் கார் எஸ்யு7 விற்பனைக்கு வந்தது 2024 மார்ச் 28. மூன்றே வருடம்! ஆரம்ப விலை 215,900 யுவான். அமெரிக்காவின் ஃபோர்ட் கொம்பனித் தலைவர் ஜிம் ஃபார்லி அந்தக் காரை ஆறு மாதம் ஓட்டிவிட்டு, அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை என்று 2024 இல் வெளிப்படையாகவே சொன்னார். போட்டிக்காரனே அப்படிச் சொல்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

என்ன இருக்கிறது என்று என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். பழைய கொம்பனிக் காரின் டாஷ்போர்டைக் கழற்றினால் பிரேக்குக்கு ஒரு கணினிப் பெட்டி, ஏசிக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். பல பெட்டிகளை வேறு வேறு கொம்பனிகள் செய்து கொடுத்திருப்பார்கள். அவற்றுக்குள் இருக்கும் மென்பொருள் கார் கொம்பனியின் கையில் முழுதாக இல்லை. புதியவர்கள் அந்த வேலைகளைச் சில பெரிய கணினிகளுக்குள் அடக்கி, மென்பொருளையும் தாங்களே எழுதுகிறார்கள். அதனால் விற்ற பிறகும் காரைத் திருத்த முடிகிறது. 2018 இல் டெஸ்லா மொடல் 3 கார் பிரேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரம் கூட என்று அமெரிக்க நுகர்வோர் சஞ்சிகை ஒன்று குறை சொன்னது. சில நாளில் இணையம் வழியே ஒரு அப்டேட் போனது. அந்தத் தூரம் ஏறக்குறைய 20 அடி குறைந்தது. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் பிரேக்கைத் திருத்தியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். மறுபக்கம், ஃபொக்ஸ்வாகன் 2020 இல் ஐடி.3 காரைக் கொண்டுவந்தபோது மென்பொருளில்தான் இடறியது. கடைசியில் 2024 இல் ரிவியன் என்கிற புதிய கொம்பனியில் 500 கோடி டொலர் வரை போடுவதாக அறிவித்து, அவர்களிடமிருந்து மென்பொருள் வாங்கும் நிலைக்கு வந்தது.

ஆனால் மென்பொருள் தெரிந்தால் மட்டும் கார் வந்துவிடாது. ஆப்பிளிடம் இல்லாத பணமா, மூளையா? பத்து வருடம் மினக்கெட்டுவிட்டு 2024 பெப்ரவரியில் கார்த் திட்டத்தையே மூடினார்கள்.

இன்னொன்றைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. 2025 மார்ச் 29 அன்று சீனாவின் அன்ஹுய் மாகாண நெடுஞ்சாலையில் ஒரு எஸ்யு7, ஓட்டுநருக்கு உதவும் மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்க, மணிக்கு 116 கிலோமீட்டரில் போயிருக்கிறது. முன்னால் தடை என்று எச்சரிக்கை வந்து ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள் சில விநாடிகள்தான். 97 கிலோமீட்டர் வேகத்தில் கொங்கிரீட் தடுப்பில் மோதி மூன்று பல்கலைக்கழக மாணவிகள் இறந்துபோனார்கள். அதே வருடம் செப்டம்பரில் அந்த மென்பொருளைத் திருத்துவதற்காக 116,887 எஸ்யு7 கார்கள் ரீகோல் செய்யப்பட்டன, அதாவது குறையைத் திருத்தக் கொம்பனியே திரும்ப அழைத்தது. மின்சாரத்தால் மட்டும் திறக்கிற கதவுப் பிடிகளைப் பற்றியும் பெரிய கேள்வி எழுந்தது. உள்ளேயும் வெளியேயும் கையால் இழுத்துத் திறக்கும் பிடி இருக்கவேண்டும் என்று சீன அரசு இப்போது விதி போட்டிருக்கிறது. மகன் எந்தக் காரைக் காட்டினாலும், கரண்ட் இல்லாமல் கதவு எப்படித் திறக்கும் என்று முதலில் பார். பின்சீற்றிலும் ஏறி இருந்து பார்.

இதைக் கேட்டு நீ ரொயோட்டாப் பக்கம் இன்னும் இறுகிவிடாதே. ரொயோட்டாவின் பிஇசட்4எக்ஸ் மின்சாரக் கார் 2022 இல் வந்து இரண்டு மாதம்கூட ஆகாமல் ரீகோல் ஆனது. காரணம் சில்லுப் பூட்டும் போல்ட் தளரலாம், சில்லே கழன்று போகலாம் என்பது. பெரிய மென்பொருள் சிக்கல் ஒன்றுமில்லை, சில்லு! நிசான் லீஃப் 2010 இலேயே வந்த முன்னோடி, அதை நான் மதிக்கிறேன். ஆனால் பல வருடமாக அதன் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் வைக்கவில்லை. ஜப்பான் குளிருக்கு அது காணும். எங்கள் வெயிலில் பற்றரி வேகமாகத் தேய்ந்தது. 2015 ஐ ஒட்டி இங்கே வந்து குவிந்த பாவித்த லீஃப் பலவற்றின் நிலை உனக்கே தெரியும்.

அதனால் கொம்பனி பழசா புதுசா என்று பார்த்து நீ முடிவெடுப்பது சரியில்லை என்பதுதான் என் எண்ணம். பத்தாவது வருடம் அந்தக் காரோடு யார் நிற்பார் என்று பார். நாங்கள் இரண்டு மூன்று வருடத்தில் கார் மாற்றுகிறவர்கள் இல்லையே. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிருந்தபோது இந்த நாடு பழைய கார்களைத் திருத்தித் திருத்தித்தான் ஓடியது. கொழும்பில் பழைய பார்ட்ஸ் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழைய கொரோலாவுக்கு எந்தச் சாமானும் எடுக்கலாம். ரொயோட்டா அக்வாவின் ஹைபிரிட் பற்றரியைக் கழற்றி, கெட்ட செல்லை மட்டும் மாற்றிக் கொடுக்கப் பெடியன்கள் இருக்கிறார்கள். ஆனால் மென்பொருளைப் பஞ்சிகாவத்தையில் வாங்க ஏலாது, மச்சான். அமெரிக்காவில் ஃபிஸ்கர் என்கிற மின்சாரக் கார் கொம்பனி 2024 ஜூனில் வங்குரோத்தானபோது, புத்தம்புதுக் கார் வாங்கியவர்கள் தாங்களே சங்கம் அமைத்து அப்டேட்டுக்கும் பார்ட்ஸுக்கும் அலைந்தார்கள். சீனாவில் பைடு என்கிற தேடுபொறிக் கொம்பனி ஜீலி என்கிற கார் கொம்பனியோடு சேர்ந்து தொடங்கிய ஜியுவே கார் கொம்பனி, 2024 டிசம்பரில் திடீரென்று சரிந்தது. கொம்பனி போனால் காரின் மூளைக்கு வைத்தியர் இல்லை.

சியோமிக்காக மகன் இப்போது சண்டை பிடிக்கத் தேவையில்லை; நமக்கு வலப்பக்க ஸ்டியரிங் வேண்டும், அவர்கள் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. சீனாவின் பிவைடி கொம்பனிக் கார்களைப் போய்ப் பாருங்கள். அது 1995 இல் பற்றரி செய்யத் தொடங்கி, 2003 இல் காருக்கு வந்தது. உங்கள் இரண்டு பேர் கணக்கிலும் அடங்காது. இங்கே ஜோன் கீல்ஸ் கொண்டுவருகிறது. அவர்களின் பிளேட் பற்றரி லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகை. சூட்டைத் தாங்கும், அடிக்கடி 100 வீதம் சார்ஜ் பண்ணினாலும் பெரிதாக நோகாது. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு எனக்கு அது பிடிக்கும். ஆனால் கையெழுத்துப் போடமுதல் பற்றரி உத்தரவாதம் எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை வீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கு. வடக்கில் யார் சேர்விஸ் செய்வார் என்றும் கேள். கொழும்புக்குக் கொண்டுவா என்றால், கெட்டுப்போன காரை 400 கிலோமீட்டர் ஏற்றி வரவேண்டியது நீதான்.

பாவித்த லீஃப் மலிவாகக் கிடைக்கிறது என்று யாரும் சொன்னால், பற்றரியின் எஸ்ஓஎச் அளவை, அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் எத்தனை வீதம் மிச்சம் என்பதை, கருவி போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதே. அதற்கு வேகமாகச் சார்ஜ் ஏற்ற சாடேமோ பிளக் வேண்டும். புதிய கார்களுக்கு சிசிஎஸ்2. இரண்டும் வேறு.

வீட்டு இணைப்பையும் பார்க்க வேண்டும். ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) 30 அம்பியர் என்றால் அது 7 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. 7 கிலோவாட் சார்ஜரும் ஏசியும் தண்ணிப் பம்பும் ஒன்றாக ஓடாது. ஒன்றில் மின் இணைப்புத் தருகிறவர்களிடம் மூன்று கட்ட இணைப்புக் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் இரவிரவாக மெதுவாக ஏற்றவேண்டும். நாளாந்த ஓட்டத்துக்கு மெதுவாக ஏற்றுவதே போதும்.

மீற்றர் பெட்டியையும் மெயின் சுவிட்சையும் படம் எடுத்து அனுப்பு, கூரையில் இருக்கிற சோலர் எத்தனை கிலோவாட் என்றும் எழுது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கருவியையும் கொண்டு வருகிறேன். அதுவரை முற்பணம் எங்கும் கட்டாதே. மகனை என்னோடு போனில் கதைக்கச் சொல்.

அன்புடன்,
உன் கூட்டாளி