கண்ணாடியில் கோடு ஒரே ஒரு முறைதான்

ஆசிரியருக்கு,

உடைந்த ஜன்னல் கண்ணாடியை வீட்டிலேயே மாற்றுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், கட்டரை (தலையில் சிறு சக்கரம் உள்ள, கண்ணாடி வெட்டும் கருவி) ஒரே கோட்டின் மேல் இரண்டு மூன்று முறை அழுத்தி இழுக்கச் சொல்லியிருந்தது. அளவெடுப்பது வரை சரி. இது மட்டும் தவறு. அப்படிச் செய்தால் கண்ணாடியும் வீண், கட்டரும் வீண்.

கட்டர் கண்ணாடியை அறுப்பதே இல்லை. சக்கரம் ஓடிய தடத்துக்கு நேர் கீழே மெல்லிய பிளவு ஒன்று இறங்குகிறது. பிறகு நாம் வளைக்கும்போது அந்தப் பிளவுதான் அடிப்பக்கம் வரை ஓடித் துண்டாக்குகிறது. அழுத்தம் கூடினால் பிளவு பக்கவாட்டில் பரவி, கோடு வெள்ளையாகப் பொரிந்து செதில் தெறிக்கும். நல்ல கோடு மயிரிழை போல, சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு முறை போட்ட கோட்டில் மறுபடி இழுத்தால் சக்கரம் கரடான தடத்தில் குதித்து, பல பிளவுகளை உண்டாக்கும். உடைக்கும்போது எது ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. சக்கரத்தின் கூர்முனையும் அதிலேயே மழுங்கிவிடும். பழைய கட்டர்கள் பலவும் கெட்டது இப்படித்தான், வயதால் அல்ல.

பெட்டியில் கிடக்கும் பழைய கட்டரைத் தூக்கிப் போடுமுன் சோதித்துப் பாருங்கள். சக்கரம் சுழலாமல் இழுபட்டால் தலையை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊற வைத்து, துடைத்து, அச்சில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடலாம். பிறகு கழிவுக் கண்ணாடித் துண்டில் ஒரு கோடு இழுங்கள். சக்கரத்தின் விட்டம் சுமார் 5 முதல் 6 மி.மீ. என்றால், ஒரு சுற்றுக்கு அது ஓடும் தூரம் 16 முதல் 19 மி.மீ. கோட்டில் இதே இடைவெளியில் திரும்பத் திரும்ப விடுபட்ட இடம் தெரிந்தால் சக்கரத்தில் ஓரிடம் தட்டையாகிவிட்டது என்று அர்த்தம். அதைத் தீட்டிப் பயனில்லை. ஆறு சக்கரம் உள்ள தலையாக இருந்தால் திருகைத் தளர்த்தி அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம். வைரம் பதித்த கட்டர் வேறு ரகம்: அதில் சுழல எதுவும் இல்லை, அழுத்தமும் மிகக் குறைவு. சாய்வு கொஞ்சம் மாறினாலும் கீறுமே தவிர வெட்டாது. சரியான சாய்வைக் காதுதான் கண்டுபிடிக்கும். (தலையில் உள்ள பற்கள் அலங்காரமல்ல. விளிம்பில் மிஞ்சும் குறுகிய சில்லைக் கவ்வி உடைக்கத்தான் அவை.)

சட்டத்தின் காடியில் (கண்ணாடி பொருந்தி உட்காரும் பள்ளத்தில்) அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவிலிருந்து 3 மி.மீ. கழியுங்கள். மரம் உப்பும்போது இறுகிய கண்ணாடி மூலையில் விரிசல் விடும். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துவராவிட்டால் அட்டையில் மாதிரி வெட்டிக்கொள்வதே மேல். வெட்டும் மேசை சமமாக, மேலே கம்பளி விரித்திருக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள், தூசி இருக்கும் இடத்தில் சக்கரம் தாவும். பூவேலைக் கண்ணாடியானால் வழவழப்பான பக்கத்தில்தான் கோடு. ஸ்கேலை வெட்டுக் கோட்டிலேயே வைக்கக் கூடாது: சக்கரத்துக்கும் கட்டர் தலையின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை, பெரும்பாலும் 2 அல்லது 3 மி.மீ., தள்ளி வைக்க வேண்டும். எண்ணெயைத் தொட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை நிறுத்தாமல், ஒரே வேகத்தில், 'சர்ர்' என்ற சீரான ஓசையோடு ஒரே இழுப்பு. கடைசி ஓரத்தில் கையை லேசாக்காவிட்டால் விளிம்பு சிதறும்.

கோடு போட்டதும் உடைத்துவிட வேண்டும். நேரம் போனால் பிளவின் இறுக்கம் தளர்ந்துவிடும். கோட்டுக்கு நேர் கீழே ஒரு பென்சிலை வைத்து இருபுறமும் சமமாக அழுத்தினால் போதும். அடம் பிடித்தால் கட்டரின் பின்முனையால் அடியிலிருந்து கோட்டின் நெடுக மெல்லத் தட்டுங்கள். பிளவு ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

உடைந்த கண்ணாடியைக் கழற்றும்போது கனத்த கையுறையும் கண்களுக்குக் கவசமும் கட்டாயம். குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, மேலிருந்து கீழாக எடுங்கள். கீழிருந்து தொடங்கினால் மேல் சில்லு கை மேல் விழும். பழைய பட்டியை (கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் பூச்சு) உளியால் சுத்தமாகச் சுரண்டி, ஆணிகளைப் பிடுங்கி, காடிக்குப் பிரைமர் அடித்துக் காய விடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரைமர் இல்லாத மரம் பட்டியின் எண்ணெயை உறிஞ்சிவிட, பட்டி வறண்டு வெடித்து உதிர்கிறது.

சாக்பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த பட்டி கையில் ஒட்டினால் பவுடர் போதவில்லை, வெடித்தால் எண்ணெய் போதவில்லை. காடியில் 2 அல்லது 3 மி.மீ. கனத்துக்கு அதைப் பரப்பி, கண்ணாடியை ஓரங்களில் மட்டும் அழுத்திப் பதியுங்கள்; நடுவில் அழுத்தினால் உடையும். 15 முதல் 20 செ.மீ.க்கு ஒன்றாகச் சின்ன ஆணி. சுத்தியை ஓங்காமல், கண்ணாடியின் மேலேயே வழுக்கி அடிக்க வேண்டும். மேல் பட்டியைச் சாய்வாக இழுத்துவிட்டு, மேல்தோல் பிடிக்க ஒன்றிரண்டு வாரம் விட்டுப் பெயின்ட் அடியுங்கள். பெயின்ட் கண்ணாடி மேல் 2 மி.மீ. ஏறினால்தான் இடுக்கில் நீர் இறங்காது. இரும்புச் சட்டத்துக்கு இந்தப் பட்டி ஆகாது; இரும்பு எண்ணெயை உறிஞ்சாது என்பதால் இறுக வெகுகாலம் ஆகும். அதற்கென்றே தனிப் பட்டி உண்டு.

குறிப்பில் விட்டுப்போன இன்னொன்று: டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடி. மூலையில் சிறு முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் கட்டரை வைத்து உடைக்கப் போனால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாக உதிரும். அளவு கொடுத்துச் செய்து வாங்குவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்