பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளுக்குப் புத்தகங்களை நன்கொடையாக வழங்குவோரைப் பாராட்டி, தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளியான கடிதத்தைப் படித்தேன். பாராட்டில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், ஓர் அறையும் சில அலமாரிகளும் நிறையப் புத்தகங்களும் அமைந்துவிட்டால் மாணவர்கள் தாமாகவே வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று அக்கடிதம் எடுத்துக்கொண்டிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மொழியாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளி நூலகம் இயங்குவதும் தூங்குவதும் அங்கே முறையாகப் பயின்ற நூலகர் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதைத்தான் பெரும்பாலும் பொறுத்திருக்கிறது என்பதை இக்கடிதத்தின் வழியே தெரிவிக்க விரும்புகிறேன்.

நூலகர் இல்லாத பள்ளியில் என்ன நடக்கிறது என்பது பணியில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்ததே. பாடவேளை குறைவாக உள்ள ஆசிரியர் ஒருவரிடம் சாவியும் பதிவேடும் ஒப்படைக்கப்பட்டு, அவர் ‘நூலகப் பொறுப்பாளர்’ ஆகிவிடுகிறார். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. விடைத்தாள் திருத்துவதற்கும் தம் பாடத்தை முடிப்பதற்கும் இடையில்தான் அவர் இந்த வேலையைப் பார்த்தாக வேண்டும். ஆண்டிறுதியில் இருப்புச் சரிபார்க்கும்போது ஒரு புத்தகம் குறைந்தாலும் அவரே பதில் சொல்ல வேண்டும். காணாமல் போகும் புத்தகத்துக்குக் கணக்குக் கேட்பார்கள், ஆண்டு முழுவதும் யாரும் தொடாத புத்தகத்துக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை என்னும்போது, அலமாரியைப் பூட்டி வைப்பதே அவருக்குப் பாதுகாப்பான வழியாகிவிடுகிறது. கால அட்டவணையில் இருக்கும் நூலகப் பாடவேளையோ, தேர்வு நெருங்க நெருங்க வேறு பாடங்களுக்குக் கைமாறிவிடும்.

இதனால் மாணவரின் எழுத்தறிவுக்கு என்ன இழப்பு என்று சிலர் கேட்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்க வகுப்பறையிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்களே, மீதியை மாணவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்பது அவர்கள் வாதம். வாசிப்பைப் பற்றிய ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனே வாசிப்பு என்று 1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் முன்வைத்தனர். பெருக்கல் என்பதால், ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியமே. முதல் திறனைத் தொடக்க வகுப்புகளில் ஓரளவு முடித்துவிடலாம். இரண்டாவது திறன், சொற்களாலும் உலக அறிவாலும் ஆண்டுக்கணக்கில் சேர்வது. உரக்கப் படிக்கச் சொன்னால் தடங்கலின்றிப் படித்து முடித்துவிட்டு, ‘என்ன படித்தாய்?’ என்று கேட்டால் விழிக்கும் மாணவரைப் பார்க்காத ஆசிரியர் இருக்க மாட்டார்.

1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகியோர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பத்தியை 64 மாணவர்களிடம் கொடுத்துப் படிக்கச் செய்தனர். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தும் அந்த விளையாட்டை நன்கு அறிந்திருந்த மாணவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் விளையாட்டை அறியாதவர்களைவிடப் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அப்படியானால், எதைப் படித்தாலும் புரிந்துகொள்ளும் மாணவரை உருவாக்க வேண்டுமென்றால் அவர் பல துறைகளைப் பற்றிப் பல புத்தகங்களைப் படித்தாக வேண்டும். அந்த அகலத்தைத் தருவது பாடநூலின் வேலை அல்ல, அதன் பக்க எண்ணிக்கை அதற்கு இடம் தராது. அதைத் தரக்கூடிய ஒரே இடம் பள்ளிக்குள் நூலகம்தான். அங்கேதான் ஆள் இல்லை.

ஆள் இருந்தால் அவர் என்ன செய்வார் என்பதற்கு, எல்லாப் பள்ளிகளிலும் தினமும் காணக்கூடிய ஒரு காட்சியையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி வந்து, ‘ரொம்பச் சின்னப் புத்தகமாகக் கொடுங்கள்’ என்று கேட்கிறாள். பொறுப்பாளர் மெலிதான ஒன்றை எடுத்து நீட்டுவார், பதிவேட்டில் கையொப்பம் வாங்குவார், வேலை முடிந்தது. அந்த மெலிதான புத்தகத்தில் எழுத்து பொடிப்பொடியாகவும், பத்திகள் பக்கம் முழுக்க அடைத்தும், நடை கடினமாகவும் இருந்தால், இரண்டாம் பக்கத்தோடு அவள் அதை மூடிவிடுவாள். பயின்ற நூலகர் உடனே புத்தகத்தை எடுப்பதில்லை. கடைசியாக எதை முழுதாகப் படித்தாய், அதில் எந்த இடம் பிடித்தது, எங்கே அலுத்துப்போயிற்று என்று பேச்சுக் கொடுப்பார். ‘சின்னப் புத்தகம்’ என்று அவள் கேட்டது உண்மையில் ‘என்னால் முடிக்கக்கூடிய புத்தகம்’ என்பதைப் புரிந்துகொண்டு, அத்தியாயங்கள் சிறியதாக, எழுத்து பெரியதாக, கதை முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிற ஒன்றை, அது கொஞ்சம் தடிமனாகவே இருந்தாலும், கொடுத்துப் பார்ப்பார். திரும்பி வரும்போது முடித்தாளா என்று கேட்பார். முடிக்கவில்லை என்றால் கோபிக்காமல் வேறொன்றைத் தருவார்.

வாசிப்பில் மிகவும் பின்தங்கிய மாணவர் விஷயத்தில் இந்தத் திறமை இன்னும் முக்கியமாகிறது. எட்டாம் வகுப்பு மாணவரின் வாசிப்புத் திறன் மூன்றாம் வகுப்பு நிலையில் இருக்கிறது என்பதற்காகச் சிறு குழந்தைகளுக்கான படப்புத்தகத்தை அவரிடம் கொடுத்தால், நண்பர்கள் முன் அதைக் கையில் வைத்திருக்கக்கூட வெட்கப்படுவார். அதன்பின் நூலகத்தின் பக்கமே வர மாட்டார். பொருள் அவர் வயதுக்கு ஏற்றதாகவும் மொழி எளியதாகவும் இருக்கும் நூல்கள் எவை, அவை எங்கே கிடைக்கும் என்பதைத் தேடித் தெரிந்து வைத்திருப்பது ஒரு தொழில் அறிவு. ஆர்வமுள்ள ஆசிரியரிடம் அது சிறிதளவு இருக்கலாம், எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

நன்கொடைப் புத்தகங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுப்பவர் மனம் நோகும் என்று யாரும் இதைப் பேசுவதில்லை. வீட்டில் இடமில்லை என்று வெளியேற்றப்படும் பழைய வழிகாட்டி நூல்களும், பெரியவர்களுக்காக எழுதப்பட்ட தடித்த தொகுதிகளும் பள்ளி அலமாரிகளில் குவிந்துவிடுகின்றன. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006இல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்திவிட்டது. ஆனாலும், ‘ஒன்பது கோள்கள்’ என்று சொல்லும் புத்தகத்தைப் பல அலமாரிகளில் இன்றும் பார்க்கலாம். பதிவேட்டில் எண் ஏறிவிட்ட நூலை அகற்றும் துணிவு பொறுப்பாளருக்கு வராது. அகற்றுவதற்கு எது தகுதியானது, எந்த முறையில் அதைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும், நீக்கிய இடத்தில் எதை வாங்க வேண்டும் என்பதெல்லாம் நூலகர் பயிற்சியின் ஒரு பகுதி. பயனற்ற நூறு புத்தகங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பத்து நல்ல புத்தகங்கள் மாணவர் கண்ணில் படுவதில்லை. புத்தகங்களின் எண்ணிக்கையைக் குறைத்த பிறகு வாசிப்பு கூடுவது நூலகர்களுக்கு வியப்பான செய்தி அல்ல.

கைப்பேசி இருக்கும்போது நூலகர் எதற்கு என்ற கேள்வியையும் அடிக்கடி கேட்கிறேன். என் அனுபவத்தில் கைப்பேசி வந்த பிறகுதான் அவருடைய தேவை கூடியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ‘விளம்பரதாரர் உள்ளடக்கம்’ என்று குறிப்பிடப்பட்டிருந்த விளம்பரத்தை நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் உண்மையான செய்தி என்றே கருதினார்கள். அதே குழுவினர் பின்னர் செய்த ஆய்வில், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் ஒரு பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஆராயாமல், உடனே அதைவிட்டு வெளியேறி, அதை நடத்துபவர் யார் என்று வேறு பக்கங்களில் தேடிப் பார்ப்பது தெரியவந்தது. ஒரு தகவலை யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், வேறு யார் அதை உறுதிசெய்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் நூலகரின் அன்றாடத் தொழில் பழக்கம். அதை மாணவருக்குக் கற்றுத்தர அவரைவிடப் பொருத்தமானவர் பள்ளியில் வேறு யார் என்பதை மறுப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நூலகர்களால் மதிப்பெண் கூடுகிறது என்பதற்குச் சான்று உண்டா என்றால், உண்டு, ஆனால் அதை அளவோடு சொல்ல வேண்டும். கீத் கரி லான்ஸும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பள்ளிகளைக் கொண்டு 1993இல் வெளியிட்ட ஆய்வும், அதைப் பின்பற்றிப் பல மாநிலங்களில் நடந்த ஆய்வுகளும், நல்ல நூலகமும் நூலகப் பணியாளரும் உள்ள பள்ளிகளில் மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண் உயர்ந்திருப்பதைக் காட்டின. குடும்ப வறுமை போன்ற காரணங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நீடித்தது. இருந்தாலும் இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகளே. நூலகரை நியமிக்கும் பள்ளி மற்ற வகையிலும் நல்ல பள்ளியாக இருக்கலாம் என்ற ஐயத்தை இவற்றால் முழுதாகத் தீர்க்க முடியாது. எனக்கு இவற்றைவிட அழுத்தமாகப் படுவது, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2000ஆம் ஆண்டு பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடத்திய பீசா (PISA) தேர்வை அடிப்படையாகக் கொண்டு வெளியிட்ட முடிவுதான். பெற்றோரின் தொழில்நிலை மிகக் குறைவாக இருந்தும் வாசிப்பில் மிகுந்த ஈடுபாடு கொண்ட 15 வயது மாணவர்கள் சராசரியாக 540 மதிப்பெண் பெற்றார்கள். பெற்றோர் மிக உயர்ந்த தொழில்நிலையில் இருந்தும் வாசிப்பில் ஈடுபாடு குறைந்த மாணவர்கள் பெற்றது 491. வீட்டின் வசதியைப் பள்ளியால் மாற்ற முடியாது, வாசிப்பின் மீதான ஈடுபாட்டைக் கட்டாயம் மாற்ற முடியும். வீட்டில் புத்தகமே இல்லாத மாணவருக்கு அந்த ஈடுபாட்டை ஊட்டும் பொறுப்பைப் பகுதி நேரப் பொறுப்பாளர் ஒருவரின் தலையில் கட்டுவது முறையல்ல.

தகுதி என்று நான் சொல்வது பட்டச் சான்றிதழை மட்டும் அல்ல. இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924இல் பொறுப்பேற்கும்வரை கணித ஆசிரியர். தொடக்கத்தில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை, கற்பிக்கும் பணிக்கே திரும்பிவிட விரும்பினார். இலண்டனுக்குச் சென்று நூலகப் பயிற்சி பெற்று, அங்குள்ள நூலகங்கள் மக்களுக்கு எப்படிப் பணியாற்றுகின்றன என்று நேரில் கண்ட பிறகே இத்துறை அவரை ஆட்கொண்டது. அவ்வளவு பெரிய அறிஞருக்கே பயிற்சி தேவைப்பட்டிருக்கும்போது, சாவியைப் பெற்றுக்கொண்ட மறுநாளே ஒருவர் நூலகராகிவிடுவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அதே வேளையில், பகுப்பு எண் இடுவதிலும் நூற்பட்டியல் தயாரிப்பதிலும் தேர்ந்து, சிறுவர் இலக்கியம் எதையும் படித்திராத ஒருவரும் பள்ளிக்குப் பொருந்த மாட்டார். நூலகவியலோடு சிறுவர் நூல்களில் பரந்த வாசிப்பும், குழந்தைகள் எப்படிப் படிக்கக் கற்கிறார்கள் என்ற அடிப்படை அறிவும் நியமனத் தகுதியில் சேர வேண்டும். யுனெஸ்கோவும் பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பும் 1999இல் வெளியிட்ட பள்ளி நூலகக் கொள்கை அறிக்கை, தொழில்முறைத் தகுதி பெற்றவரே பள்ளி நூலகர் என்றும், அவர் ஆசிரியர்களோடு இணைந்து செயல்பட வேண்டும் என்றும் கூறுகிறது. இந்த இரண்டாவது பகுதியைத்தான் நியமனம் நடந்த பள்ளிகளும் மறந்துவிடுகின்றன. ஆசிரியர் ஒருவர் விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள நூலகரை அனுப்புவதும், பாடத்திட்டம் பேசும் கூட்டத்துக்கு அவரை அழைக்காமல் விடுவதும் வழக்கமாகிவிட்டன. அடுத்த மாதம் அறிவியல் வகுப்பில் எந்தப் பாடம் நடக்கப்போகிறது என்பது முன்கூட்டித் தெரிந்தால்தானே, அதற்குரிய நூல்களை அவரால் எடுத்து வைக்க முடியும்?

செலவு அதிகம் என்பார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் இயலாவிட்டால், அருகருகே உள்ள இரண்டு மூன்று சிறு பள்ளிகளுக்கு முழுநேர நூலகர் ஒருவரை நியமித்து, நாள்களைப் பகிர்ந்துகொள்ளலாம். புத்தகம் வாங்க ஒதுக்கும் தொகையை ஓராண்டு நிறுத்திவைத்தாவது இதைத் தொடங்கலாம் என்பது என் கருத்து. பலர் இதை ஏற்க மாட்டார்கள் என்றும் அறிவேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி நூலகத் திறப்பு விழாச் செய்திகளில் எத்தனை புத்தகங்கள், யார் வழங்கினார், யார் திறந்துவைத்தார் என்பவை தவறாமல் இடம்பெறுகின்றன. அந்நூலகத்தில் நாளை முதல் பணியாற்றப்போகும் நூலகர் யார், அவர் என்ன பயிற்சி பெற்றவர் என்பதையும் செய்தியாளர்கள் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். அப்படி யாரும் இல்லை என்றால் அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மொழியாசிரியர் ஒருவர்