ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு எதைக் காட்டுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளைத் தங்கள் நாளிதழில் விடாமல் வாசித்து வருகிறேன். அமெரிக்கா என்றால் பெரும்பாலும் நயாகரா, சுதந்திர தேவி சிலை, வெள்ளை மாளிகையின் வேலிக்கு இப்பால் நின்று எடுத்த படம் என்றுதான் அக்குறிப்புகள் அமைகின்றன. எழுதியவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்களை அழைத்துச் சென்றவர்கள் என்னைப் போன்றவர்கள். எதைக் காட்டுவது என்று முடிவு செய்தவர்களும் நாங்கள்தான். ஆகவே இக்கடிதம் முதலில் என் போன்றவர்களுக்கும், அடுத்ததாக, விசா வாங்கிப் புறப்படக் காத்திருக்கும் பெரியவர்களுக்கும் உரியது.

நானும் என் மனைவியும் ஹூஸ்டன் நகரில் வசிக்கிறோம். பணி ஓய்வுக்குப் பிறகு 24 அடி நீளமுள்ள ஒரு மோட்டார் ஹோம் வாங்கினோம். ஆர்.வி. என்று இங்கே சொல்லப்படும் இவ்வண்டியில் படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. கடந்த மார்ச் மாதம் சேரன்மகாதேவியிலிருந்து என் அக்காவும் அத்தானும் வந்திருந்தபோது, அவர்களை இவ்வண்டியில் ஏற்றிக்கொண்டு, மேற்கே ஏறத்தாழ 200 மைல் தொலைவிலுள்ள சான் அன்டோனியோ நகருக்குச் சென்றோம். அத்தானுக்கு 74 வயது. தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஐம்பது ஆண்டுகள் கார், பிசானம் என்ற இரு பருவ நெல்லும் நட்டு அறுத்தவர். அக்காவுக்குச் சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் உண்டு. வயதானவர்களுடன் பயணம் செய்வோருக்கு எது பெரிய கவலை என்று எல்லோருக்கும் தெரியும்: கழிப்பறை எங்கே, மருந்து எங்கே, நேரத்துக்குச் சாப்பாடு எங்கே. இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, தயிர்ச்சாதத்தைக் கையோடு கட்டிக்கொண்டு, வேண்டிய இடத்தில் நிறுத்திப் படுத்துக்கொள்ள முடிந்ததால் அந்த மூன்று கவலையும் எங்களுக்கு இல்லாமல் போயின.

முதல் நாளில் நான் ஒரு பிழை செய்தேன். நகரைச் சுற்றிக் காட்டும் ஆவலில் வண்டியை ஆர்.வி. பார்க்கில் (இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) விடாமல் நகரின் நடுப்பகுதிக்கே ஓட்டிச் சென்றுவிட்டேன். பழைய நகரங்களின் தெருக்கள் இத்தனை நீளமான வண்டிகளை எண்ணி அமைக்கப்பட்டவை அல்ல. அடுக்குமாடி நிறுத்துமிடங்களின் உயரம் போதவில்லை. வீதியோர இடங்களின் நீளம் போதவில்லை. ஒன்றரை மணி நேரம் அதிலேயே கழிந்தது. அதன் பிறகு, நான் இணையத்தில் முன்பதிவு செய்திருந்த சுற்றுலாப் பேருந்தில் ஏறினால், ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் என்று விரட்டினார்கள். 1718-ல் சான் அன்டோனியோ டி வலேரோ என்ற பெயரில் பிரான்சிஸ்கன் பாதிரியார்களின் மிஷனாக, அதாவது பூர்வகுடிகளை மதம் மாற்றிக் குடியமர்த்தும் இடமாகத் தோன்றி, 1836 மார்ச் 6-ஆம் நாள் மெக்சிகோப் படையிடம் வீழ்ந்ததால் உலகம் அறிந்த ஆலமோவைக் கூட்டத்தின் தோள்களுக்கு மேலாகத்தான் அவர்கள் பார்த்தார்கள். ‘நல்லாயிருக்கு’ என்றார் அத்தான். விருந்தாளியாகப் போன வீட்டில் உப்பில்லாத குழம்பைப் பற்றிக் கேட்டால் நம் மக்கள் என்ன சொல்வார்களோ, அதே குரலில் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக என்னை எதிர்பார்த்திருந்தவர்கள், தள்ளாத வயதில் இருபது மணி நேரத்துக்கும் மேல் விமானத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் காட்டியது ஒரு வாசலும் ஒரு கூட்டமும்.

மறுநாள் காலையில் திட்டத்தை மாற்றினேன். நகரத்தை விட்டுத் தெற்கே, சான் அன்டோனியோ ஆற்றின் போக்கிலேயே சென்றோம். ஆலமோவைத் தவிர இன்னும் நான்கு மிஷன்கள் அங்கே உள்ளன. 1720-ல் நிறுவப்பட்ட சான் ஹோசே. கிழக்கு டெக்சாஸில் நிலைக்க முடியாமல் 1731-ல் இந்த ஆற்றங்கரைக்குப் பெயர்ந்துவந்த கான்செப்சியோன், சான் ஹுவான், எஸ்பாடா. ஆலமோவிலிருந்து எஸ்பாடா வரை சுமார் 12 கிலோமீட்டர். ஐந்தையும் சேர்த்து யுனெஸ்கோ 2015-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தெற்கேயுள்ள நான்கும் தேசியப் பூங்கா அமைப்பின் பராமரிப்பில் உள்ளன. நுழைவுக் கட்டணம் இல்லை. நான்கிலும் இன்றும் ஞாயிறு வழிபாடு நடக்கிறது.

எஸ்பாடாவுக்கு அருகே, மரநிழலில் ஒரு சிறிய கல் பாலம் இருக்கிறது. இரண்டே வளைவுகள். கீழே ஓர் ஓடை போகிறது. பாலத்தின் மேலே மனிதர்களோ வண்டிகளோ போவதில்லை, தண்ணீர் போகிறது. 1745 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட இந்த நீர்ப்பாலம், ஆற்றில் கட்டிய ஓர் அணையிலிருந்து பிரியும் வாய்க்காலை ஓடைக்கு மேலாகத் தாண்டச் செய்து வயல்களுக்குக் கொண்டுசெல்கிறது. ‘கொண்டுசென்றது’ என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து நிலங்களுக்கு இன்னமும் பாய்கிறது. அக்கா பார்த்த உடனே, “இது நம்ம மாத்தூர் தொட்டிப்பாலம்லா!” என்றாள். குமரி மாவட்டத்தில் 1966-ல் கட்டப்பட்ட மாத்தூர்ப் பாலத்தின் உயரம் 115 அடி. இதுவோ அந்த உயரத்தில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஆனாலும் அவள் சொன்னது சரி. இரண்டும் செய்கிற வேலை ஒன்றே.

அத்தான் எதுவும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்கால் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் போட்டு அது போகும் வேகத்தைப் பார்த்தார். சிறிது தூரம் நடந்து மறுபடியும் உட்கார்ந்து, எதிர்க்கரையில் மண் சரிந்திருக்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு வரிசையாகக் கேட்கத் தொடங்கினார். தலைமடை எங்கே? கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா? யாருக்கு எத்தனை மணி நேரம் என்று முறை வைப்பது யார்? தூர்வாருவது அரசா, நிலத்துக்காரர்களா? முதல் நாள் முழுவதும் ஒரு கேள்விகூடக் கேட்காத மனிதர் அவர்.

அங்கிருந்த பூங்காப் பணியாளரிடம் நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு விளக்கினார். அசேக்கியா என்று ஸ்பானிய மொழியில் அழைக்கப்படும் இவ்வாய்க்கால்கள் ஏழு இருந்தன. பதினைந்து மைல் நீள வலைப்பின்னலாக ஏறத்தாழ 3,500 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுத்தன. அந்தச் சொல் அரபி மொழியிலிருந்து வந்தது. வறண்ட ஸ்பெயின் நாட்டில் மூர்கள் (வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அங்கே ஆண்ட முஸ்லிம்கள்) வளர்த்த பாசன முறையே கடல் கடந்து இங்கு வந்திருக்கிறது. ஒரு நாளில் தண்ணீர் பாய்ச்சி முடிக்கக்கூடிய நிலப்பரப்பை ‘சுவெர்த்தே’ என்று அளந்தார்களாம். அம்மொழியில் அச்சொல்லுக்கு அதிர்ஷ்டம் என்றும் பொருள். தண்ணீரைக் கொண்டே நிலத்தை அளக்கும் அந்தக் கணக்கு அத்தானுக்கு ஒரு நொடியில் புரிந்தது. எனக்குத்தான் அவர் இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது.

‘இதை வெட்டியது யார்?’ என்று அக்கா கேட்டாள். பாதிரியார்கள் மேற்பார்வை செய்தார்கள். மண்வெட்டியும் கூடையும் பிடித்தவர்கள் அம்மண்ணின் பூர்வகுடிகள். கோவாஹில்டெக்கன் என்று பொதுப்பெயரால் குறிக்கப்படும் பல சிறு குழுக்கள், வேட்டையாடியும் காய்கனி சேகரித்தும் வாழ்ந்தவை, நோய்க்கும் அப்பாச்சி என்ற மற்றொரு பூர்வகுடியினரின் தாக்குதலுக்கும் அஞ்சி மிஷன் மதில்களுக்குள் வந்தன. வந்த இடத்தில் தம் மொழியையும் வழிபாட்டையும் இழந்தன. ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்கள் அங்கேயும் அவர்களைக் கொன்றன. கட்டடத்தின் அழகைக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்பது என் கருத்து. உறவினர்கள் வருத்தப்படுவார்களோ என்று மறைக்க வேண்டியதில்லை. அக்கா அதைக் கேட்டுச் சற்று நேரம் தேவாலயத்தின் முன் கைகூப்பி நின்றாள்.

பிற்பகலில் சான் ஹோசேக்குப் போனோம். ரோஜாச் சாளரம் என்று புகழ்பெற்ற கல் வேலைப்பாட்டைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே வருகிறார்கள். அதன் இலைக்கொடிச் செதுக்கலை அக்கா ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தாள். ஆனால் அவளை நெடுநேரம் நிறுத்தி வைத்தது மதிலுக்கு அப்பாலுள்ள மாவு ஆலை. 1794 வாக்கில் கட்டப்பட்டுப் பின்னாளில் புதுப்பிக்கப்பட்ட அதில், வாய்க்கால் தண்ணீர் கீழ் அறையில் விழுந்து கிடையாக அமைந்த மரச்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் மேல் அறையிலுள்ள கல் சுழன்று கோதுமையை அரைக்கிறது. நடுவில் பற்சக்கரம் எதுவும் கிடையாது. திரிகையின் கைப்பிடியைத் தண்ணீரிடம் கொடுத்தது போலத்தான். எங்கள் அம்மா உளுந்து உடைத்த திரிகை எந்தத் தங்கை வீட்டில் இருக்கிறது என்பதை அக்கா அங்கே நின்றுதான் எனக்குச் சொன்னாள். அதுவரை எனக்கு அது தெரியாது.

இவை தாமாக நிலைத்துவிடவில்லை. 1921-ல் சான் அன்டோனியோ ஆற்றில் வந்த பெருவெள்ளம் நகரின் நடுப்பகுதியை மூழ்கடித்து, ஏறத்தாழ ஐம்பது உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு பழைய கட்டடங்களும் ஆற்று வளைவும் வளர்ச்சிக்கு இடையூறு என்ற பேச்சு வலுத்தது. 1924-ல் எமிலி எட்வர்ட்ஸ், ரீனா மேவரிக் கிரீன் என்ற இரு பெண்கள் முன்னின்று ஒரு பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பொன்முட்டையிடும் வாத்தைக் கொல்லாதீர்கள் என்ற கருத்தில் நகரமன்ற உறுப்பினர்களுக்குப் பொம்மலாட்டம் நடத்திக் காட்டினார்கள். அச்சங்கமே 1930களில் எஸ்பாடா நீர்ப்பாலத்தை ஒட்டிய நிலத்தை விலைக்கு வாங்கி அதைக் காப்பாற்றியது. இதைச் சொன்னபோது அத்தான் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை. கன்னட நாட்டு இளைஞர் ஒருவர் தமக்குக் கிடைத்த பொன்னைச் செலவிட்டு, பசு நடந்த தடத்தில் வெட்டுவித்தார் என்று ஊரில் கதை வழங்கும் எங்கள் கால்வாயை, தாமிரபரணியின் மற்ற அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும், வெளியூரிலிருந்து வரும் ஒருவருக்கு யார் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்? கோவிலுக்குக் கூட்டிப்போகிறோம், அருவிக்குக் கூட்டிப்போகிறோம். மடையருகே நின்று, இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல ஒரு பலகையாவது இருக்கிறதா என்று கேட்டார். சுற்றுலாத் துறையும் நீர்வளத் துறையும் சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி என்பதால் அதைத் தங்கள் பத்திரிகையின் வழியே முன்வைக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் என் போன்றோரிடம் நான் கேட்பது சிறியது. பத்து நாளில் எட்டு நகரம் என்று ஓடாதீர்கள். ஒரே ஒரு பழைய நகரத்தைத் தேர்ந்தெடுத்து, மூன்று நாள் தங்குங்கள். வருகிறவர் நெசவாளி என்றால் தறி இருக்கும் ஊர், தச்சர் என்றால் மரவீடுகள் இருக்கும் ஊர், ஆசிரியை என்றால் பழைய பள்ளிக்கூடம் இருக்கும் ஊர் என்று, அவர் கைக்கும் கண்ணுக்கும் பழகிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது என்ற நினைவோடு கூடவே நடந்தால், வழிகாட்டுவது யார் என்பது அரை மணியில் மாறிவிடும்.

ஆர்.வி.யில் அழைத்துச் செல்வோர் கவனிக்கச் சில செய்திகள். பெரிய வண்டியை ஆர்.வி. பார்க்கில் நிறுத்திவிட்டு நகருக்குள் பேருந்தில் செல்வதே நல்லது. வண்டியின் படி உயரம் அதிகம்; மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஓர் உறுதியான முக்காலி கட்டாயம் வேண்டும். ஓட்டுநர் அறைக்கு மேலுள்ள பரணில் பெரியவர்களைப் படுக்க வைக்கக் கூடாது; இரவில் எழுந்து இறங்கும்போது விழுந்துவிடுவார்கள். 30 ஆம்பியர் இணைப்பில் குளிர்சாதனமும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் மின்சாரம் துண்டிக்கப்படலாம்; சமைக்கும் முன்பு ஒன்றை நிறுத்திவிடுங்கள். வண்டி ஓடும்போது யாரும் எழுந்து நடக்கக் கூடாது. எல்லோரும் இருக்கைப் பட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். தெற்கு டெக்சாஸில் கோடை வெயில் நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்ததில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வருவது உகந்தது.

எஸ்பாடா வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பும் பழைய அணையைப் பார்க்க எங்களுக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. வரும் குளிர்காலத்தில், பிசான நடவை மகனிடம் ஒப்படைத்துவிட்டு அதற்காகவே மீண்டும் வருவதாக அத்தான் சொல்லியிருக்கிறார். பூங்காப் பணியாளரிடம் கொடுப்பதற்காகக் கன்னடியன் அணைக்கட்டின் படங்களை இப்போதே எடுத்து வைத்திருக்கிறாராம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்.