கேலியும் நண்பர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் நகைச்சுவைத் துணுக்குகள் குறித்து ஒரு வேண்டுகோள் வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். அந்த வேண்டுகோள் எனக்குத் தோன்றக் காரணமான என் சொந்தத் தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் நாங்கள் ஏழு பேர், எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள், எட்டு ஆண்டுகளாகக் காலையில் சேர்ந்து நடந்து, பிறகு ஒரு தேநீர்க் கடையில் அரைமணி நேரம் பேசிவிட்டு வீடு திரும்புவது வழக்கம். எங்களில் ஒருவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. வயதால் வரும் செவிக்குறைவில் உச்ச அதிர்வுள்ள மெய்யொலிகள்தாம் முதலில் மங்கும் என்பதால் குரல் காதில் விழும், சொல் மட்டும் பிரிந்து விளங்காது. பலர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். இதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அவர் கேள்விக்குப் பொருந்தாத பதிலைச் சொல்கிறார் என்பதும் அது சிரிப்பை வரவழைக்கிறது என்பதும்தான். பதில் தானாகத் தவறாத நாள்களில் நாங்களே வேண்டுமென்று குரலைத் தாழ்த்தினோம். சில நாள் ஓசையின்றி உதட்டை மட்டும் அசைத்தோம். நானும் செய்தேன். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்ததால், அவருக்கு இதில் வருத்தமில்லை என்று நம்பிக்கொண்டோம்.

ஒரு நாள் முதல் அவர் வரவில்லை. மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி வாசலிலேயே என்னிடம் சொன்னார்: “காது கேக்கலங்கறதுல அவியளுக்கு அவ்வளவு வருத்தம் இல்ல அண்ணாச்சி. நீங்க எல்லாரும் சிரிக்கும்போது, எதுக்குன்னு தெரியாமலே தானும் சிரிச்சிட்டு வந்திருக்காவ. அதச் சொல்லும்போதுதான் அழுதாவ.”

உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர், நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்களாக எள்ளல் (கேலி), இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்லும்போது எள்ளலையே முதலில் வைத்தார். அதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் வழங்கும் பழைய உரையாசிரியர், எள்ளல் என்பது பிறரை எள்ளித் தான் நகுவதும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதும் என இரண்டாகும் என்கிறார். இந்த இரண்டாவது சிரிப்பைத்தான் நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். கனடாவில் ராட் மார்ட்டின் என்ற உளவியலாளரும் உடன் ஆய்ந்தவர்களும் 2003ஆம் ஆண்டில் நகைச்சுவைப் போக்குகளை நான்காகப் பிரித்தபோது, பிறரைத் தாக்கும் நகையோடு, கூட்டத்தில் இடம் கிடைப்பதற்காகத் தன்னையே தாழ்த்திக்கொள்ளும் நகையையும் தனி வகையாக வைத்து, இவ்விரண்டையும் தீங்கானவை என்றே கணித்தார்கள்.

நெல்லைச் சீமையில் கேலி இல்லாத நட்பு கிடையாது. “ஏலே” என்று அழைத்து ஒருவரையொருவர் ஓட்டிக்கொள்வதில் எவ்வளவு உரிமையும் பாசமும் இருக்கிறது என்பதை இந்த மண்ணில் பிறந்த நான் அறிவேன். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. வாங்கியவர் மறுநாள் திருப்பிக் கொடுக்கிறார், இருவரும் வீட்டில் போய் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றால் அது விளையாட்டு. எங்கள் நண்பரால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. என்ன சொன்னோம் என்பதே அவருக்குக் கேட்கவில்லை. அவர் செய்த செயலையோ சொன்ன கருத்தையோ நாங்கள் கேலி செய்யவில்லை, அவரால் மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றைக் கேலி செய்தோம். நம் ஊர்களில் நொண்டி, செவிடன், ஒன்றரைக் கண்ணன் என்று ஒருவருக்கு இட்ட பட்டப்பெயர் அவர் பிள்ளைகள் வரை ஒட்டிக்கொண்டு, சொந்தப் பெயரே மறந்துபோவதும் இந்த வகைதான். இன்று அதே வேலையைக் கைப்பேசியில், ஒருவர் அசந்த நேரத்தில் எடுத்த படத்தை ஸ்டிக்கராக்கிச் செய்கிறோம்.

சட்டமும் இதைச் சிறிய விஷயமாகக் கருதவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு, பொதுப் பார்வையில் படும் இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கோடு வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. திரைப்படம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2024 ஜூலை 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உடற்குறையைப் பற்றிய புரிதலை வளர்க்கும் நகைச்சுவை வேறு, அக்குறை உள்ளவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று தெளிவாகவே பிரித்துக் காட்டியது.

இந்த வேறுபாட்டைத் தங்கள் துணுக்குப் பக்கத்திலும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். காது கேளாத தாத்தா, திக்கிப் பேசும் மாப்பிள்ளை, பருத்த உடல் கொண்ட மனைவி, கறுத்த பெண் ஆகியோரை வைத்து எழுதப்படும் துணுக்குகளை வாசகர்கள் அனுப்பினாலும் வெளியிடாதீர்கள். அந்தப் பக்கத்தைச் சத்தம் போட்டு வாசித்துத்தான் எங்கள் கடையில் பல நாள் பேச்சே தொடங்கியது.

நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மைதானத்துக்கு வர ஒப்பவில்லை. ஆகவே வியாழக்கிழமைதோறும் நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் பெரும்பாலும் கேட்கிறது. எட்டு ஆண்டுகள் நான் அவருடைய இடப்பக்கத்தில் நடந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.