ஆறில் ஒன்று

பெங்களூரு
டிசம்பர் 8

அன்புள்ள நண்பனுக்கு,

அத்தையின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். குளிர்தான் காலையில் எழவிடுவதில்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன். பெரியவளின் கட்டுரையைப் புஷ்கார்ட் பரிசுக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். மார்ச்சில் ஓர் அமெரிக்க இணைய இதழில் ஆங்கிலத்தில் வந்ததே, அல்சூர் கடைத்தெருவில் கனகாம்பரம் விற்கும் பாட்டியைப் பற்றி, அதுதான். முழங்கையில் வைத்து விரல் நுனிவரை அளந்துவிட்டு, யாரும் கேட்காமலே இரண்டு விரல்கடை கூட்டி நாரை அறுப்பாரே, அந்த இடம் பிடித்திருந்தது என்று நீகூட எழுதியிருந்தாய்.

இது பில் ஹெண்டர்சன் என்பவர் சிற்றிதழ்களுக்காகவும் சிறு பதிப்பகங்களுக்காகவும் தொடங்கிய பரிசு. தேர்வானவற்றை ஆண்டுதோறும் ஒரு தொகுப்பாகப் போடுவார்கள், முதல் தொகுப்பு 1976-இல் வந்தது. கவிதை, கதை, கட்டுரை எல்லாம் சேர்த்து, ஓர் இதழ் அந்த ஆண்டு வெளியிட்டதில் ஆறு படைப்புகள் வரை அனுப்பலாம். டிசம்பர் 1 கடைசித் தேதி, கட்டணம் கிடையாது. எழுதியவர் தானே அனுப்பிக்கொள்ள முடியாது. ஆயிரக்கணக்கில் பரிந்துரைகள் போகும், தொகுப்பில் இடம் கிடைப்பது மிகச் சிலருக்குத்தான். அதனால் கிடைக்குமா என்று அவளும் கணக்குப் போடவில்லை, நானும் போடவில்லை.

சொந்தக்காரர்கள் சிலர், “பரிசு வந்ததும் சொல்லுங்க” என்று ஃபோனை வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம். வரவேண்டியது வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அந்த இதழாசிரியர் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்து இதழ் நடத்துகிறவர். ஆண்டு முழுக்க வெளியிட்டதை எடுத்து மறுபடியும் படித்து, இந்த ஆறு என்று பொறுக்கியிருக்கிறார். இவளுக்கு எழுதிய மடலில் அந்த இரண்டு விரல்கடையைக் குறிப்பிட்டிருந்தார். அல்சூரைப் பார்த்திராத ஒருவருக்கு, மார்ச்சில் படித்தது நவம்பர் வரை மனதில் நின்றிருக்கிறது. எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம்மிடம் இந்தப் பழக்கம் இல்லாமல் இல்லை. போன வாரம் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு பழைய இலக்கியச் சிந்தனைத் தொகுப்பு கையில் அகப்பட்டது. இலக்கியச் சிந்தனை 1970-இல் சென்னையில் தொடங்கிய அமைப்பு. மாதாமாதம் பத்திரிகைகளில் வந்த கதைகளை ஒருவர் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். ஆண்டு முடிவில் அந்தப் பன்னிரண்டிலிருந்து சிறந்தது ஒன்று. பன்னிரண்டும் வானதி பதிப்பக வெளியீடாகப் புத்தகமாகும். ஹாஸ்டலில் நாம் புதுப் பெயர்களைத் தெரிந்துகொண்டதே அந்தப் புத்தகங்களில்தானே?

இன்றைக்கு இணைய இதழ்களில் அப்போதைவிட எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். இதழ் வந்ததும் நாலு நாள் பேசுகிறோம், அடுத்தது வந்ததும் முந்தையது கண்ணில் படாமல் போய்விடுகிறது. பெயர் தெரிந்தவருக்குப் பரவாயில்லை, புத்தகமாக வரும். முதல் கதை எழுதியவருக்கு இரண்டாவது வாசிப்பு எங்கே கிடைக்கிறது?

அதனால் உன்னிடம் கேட்கிறேன். உங்கள் இதழில் இதைச் செய்யுங்களேன். பரிசுப் பணம், மேடை, பொன்னாடை ஒன்றும் வேண்டாம். ஆசிரியர் குழு உட்கார்ந்து இந்த ஆண்டு வந்ததில் ஆறைச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று நாலு வரி, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதியவர் பத்திரமாக வைத்துக்கொள்ளப்போவது அந்த நாலு வரியைத்தான். விடுபட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பாய். திருப்பட்டும். யாரையும் நோகடிக்கக்கூடாது என்று எல்லாரையும் பாராட்டினால், நிஜமாகவே நன்றாக எழுதிய பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? ஆகஸ்டில் வந்த கல்குவாரிக் கதையை நீங்கள் விட்டுவிட்டால் நானே சண்டைக்கு வருவேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அதற்குள் உன் ஆறை எழுதி வை, என் ஆறை நான் கொண்டுவருகிறேன். அத்தையை ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்