கோல்ட்ஷ்மிட்டோட இசைய மேடையேத்துங்க: பிரிட்டன் ஒப்பரா, ஆர்கெஸ்ட்ரா நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

போன வாரம் ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரோட பத்தாவது சிம்பொனி கேக்கப் போயிருந்தேன். எந்த அரங்குன்னு இங்க சொல்ல வரல, எல்லா இடத்துலயும் இதே நிலைமைதான். வாசிப்புல ஒரு குறையும் இல்ல, அருமையா இருந்துச்சு. ஆனா கையில குடுத்த ப்ரோக்ராம் புக்ல, மாலர் முடிக்காம விட்டுட்டுப் போனத டெரிக் குக்ங்கற இங்கிலீஷ் இசை ஆய்வாளர் எப்படி முழுசாக்கினார்னு பக்கம் பக்கமா இருக்கு, அந்த வேலையில அவர் பக்கத்துலயே நின்னு உதவி பண்ணி, 1964 ஆகஸ்ட் 13 அன்னைக்கு ப்ராம்ஸ்ங்கற லண்டன் கோடை இசை விழாவுல லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவ வச்சு முதல் தடவையா முழு சிம்பொனியையும் நடத்திக் காட்டின பெர்தோல்ட் கோல்ட்ஷ்மிட்டுக்கு ஒரே ஒரு வரி. அந்த மனுஷன் ஒரு இசையமைப்பாளர்ங்கறது அந்த ஒரு வரியில கூட இல்ல. அரங்குக்கு எழுதிக் கேட்டேன், "அவரோட இசைய போட்டா கூட்டம் வராது"ன்னு மரியாதையா பதில் வந்துச்சு. போடாமலே எப்படித் தெரியும்ங்க?

அவர் கதை உங்களுக்குத் தெரியாதது இல்ல. 1903ல ஹாம்பர்க்ல பொறந்தவர், பெர்லின்ல இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் ஷ்ரேக்கர்கிட்ட படிச்சவர், 1925ல மெண்டல்சோன் பரிசு வாங்கினவர், அதே வருஷம் ஆல்பன் பெர்க்கோட வோட்செக் ஒப்பரா முதல் தடவையா மேடையேறினப்போ, அத நடத்தின கண்டக்டர் எரிச் க்ளைபருக்கு உதவியா இருந்தவர். 1932ல அவரோட முதல் ஒப்பரா மான்ஹைம்ல மேடையேறுது, அடுத்து பெர்லின்லயும் போடறதா ஏற்பாடு, அதுக்குள்ள நாஜிங்க வந்துட்டாங்க. யூதர்ங்கறதால எல்லாக் கதவும் சாத்தியாச்சு. 1935ல லண்டன் வந்து சேர்ந்தார். இதுவரைக்கும் நடந்தது ஜெர்மனி பண்ண பாவம், அத உங்க தலையில கட்டல.

ஆனா அதுக்கப்புறம் நடந்தது இங்க நடந்தது. 1951ல நாடு முழுக்க நடந்த ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன் விழாவுக்காக, கலைகளுக்கு அரசு பணம் குடுக்கற ஆர்ட்ஸ் கவுன்சில் ஒப்பரா போட்டி வச்சாங்க இல்லையா, எழுதினவங்க சொந்தப் பேர மறைச்சு அனுப்பணும்னு விதி. கோல்ட்ஷ்மிட் ஷெல்லியோட நாடகத்த எடுத்துக்கிட்டு பியாட்ரிச்சே செஞ்சின்னு ஒரு ஒப்பரா எழுதினார். இங்கிலீஷ்லயே எழுதினார், அத கவனிங்க. வந்து சேர்ந்த நாட்டோட பெரிய கவிஞன், அந்த நாட்டு பாஷை, அந்த நாட்டுக்காரங்களுக்காகன்னு எழுதினது. பெத்த அப்பனே கொடுமை பண்ண, நியாயம் கேட்டு எந்த வாசல்லயும் கெடைக்காம, கடைசியில அந்தப் பொண்ணு தலையே போற கதை. எங்கேர்ந்து தப்பிச்சு வந்தவர் இத எழுதினார்ங்கறத நினைச்சுப் பாத்தா மனசு கனத்துப் போயிடுது. பேர் தெரியாம படிச்சப்போ ஜெயிச்ச நாலுல அதுவும் ஒண்ணு. பேர் தெரிஞ்சப்புறம் எந்த அரங்கும் மேடையேத்த முன்வரல. 1953ல பிபிசி ரேடியோவுல சில பகுதி மட்டும் வந்துச்சு, அதோட சரி.

பரிசும் குடுத்துட்டு மேடை மட்டும் இல்லன்னா, ஒரு இசையமைப்பாளன் அந்தப் பரிசை வச்சுக்கிட்டு என்னதான் பண்ணுவான் சொல்லுங்க. இத்தனைக்கும் 1947ல முதல் எடின்பரோ விழாவுல கண்டக்டர் ஜார்ஜ் செல் விலகிப் போனப்போ, க்ளைண்ட்போர்ன்ங்கற இங்கிலீஷ் ஒப்பரா குழுவோட மக்பெத் ஒப்பராவ எடுத்து நடத்திக் குடுத்தவர் இவர்தான். அவசரத்துக்கு ஆள் வேணும்னா கூப்பிட்டாங்க, அவர் எழுதினத மட்டும் யாரும் தொடல. அதுக்கப்புறமும் செல்லோவுக்கு, வயலினுக்கு, க்ளாரினெட்டுக்குன்னு கன்சர்ட்டோ, அதாவது ஒரு வாத்தியத்த முன்னாடி வச்சு ஆர்கெஸ்ட்ராவோட வாசிக்கற இசை, எழுதிப் பாத்தார். நாஜிங்களுக்கு அவர் இசை ஆகாத நவீனம், போருக்கு அப்புறம் இங்க வந்த புது அலைக்காரங்களுக்கு அதே இசை பழசு. 1958ல எழுதறத நிறுத்திட்டார். 55 வயசு, நல்லா எழுதிட்டு இருக்கற வயசு. மறுபடி பேனா எடுத்தது 1982ல, 79 வயசுல, நாலு பேர் வாசிக்கற ஒரு க்ளாரினெட் குவார்டெட்டுக்காக. நடுவுல 24 வருஷம் ஒண்ணுமே இல்ல. அந்த 24 வருஷத்துல அவர் என்னென்ன எழுதியிருப்பார்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது, எனக்கு ஆத்திரம் வர்றது இந்த இடத்துலதான், இது எங்கேயும் தொலைஞ்சு போன நோட்ஸ் இல்ல தேடி எடுக்க, எழுதப்படவே இல்ல. அதனாலதான் திரும்பத் திரும்ப கேக்கறேன், எழுதினதையாவது மேடையேத்துங்க.

இவர் ஒருத்தர் மட்டும்னாலும் பரவால்ல. அதே போட்டியில ஜெயிச்ச இன்னொருத்தர் கார்ல் ராங்க்ல், வியன்னா பக்கத்துல பொறந்தவர், போருக்கு அப்புறம் லண்டன் கோவென்ட் கார்டன் ஒப்பரா கம்பெனிய ஒண்ணுமில்லாததுலேர்ந்து கட்டி எழுப்பின மியூசிக் டைரக்டர், அவரோட டெய்ட்ரா ஒப்பராவ அவர் கட்டின அந்த வீட்டுலயே போடல. ஹான்ஸ் கால்ங்கற இன்னொரு இசையமைப்பாளரும் ஹிட்லர்கிட்டேர்ந்து தப்பிச்சு வந்தவர், அவரையே 1940ல எதிரி நாட்டுக்காரன்னு முகாம்ல அடைச்சாங்க, அப்புறம் எடின்பரோவுல காலம் பூரா பாடம் சொல்லிக் குடுத்தார். இவங்கள வேலைக்கு வச்சுக்கிட்டீங்க, இவங்ககிட்ட கத்துக்கிட்டீங்க, ஆனா இவங்க இசை மட்டும் நினைவு நாளுக்கு நினைவு நாள்தான் வெளிய வருது. கோவம் வருதுங்க, மன்னிக்கணும்.

கூட்டம் வராதுங்கற பேச்சுக்கு வர்றேன். 1987ல பிரிட்டிஷ் கண்டக்டர் சைமன் ராட்டில், கோல்ட்ஷ்மிட்டோட சாக்கோனா சிம்பொனிகாங்கற ஆர்கெஸ்ட்ரா உருப்படிய பெர்லின்ல நடத்தினார். 1988ல லண்டன் க்வீன் எலிசபெத் ஹால்ல பியாட்ரிச்சே செஞ்சிய காட்சி இல்லாம கச்சேரியா பாடினாங்க, அப்ப அவருக்கு 85 வயசு, எழுதி முடிச்ச ஒப்பராவ முழுசா கேக்க அவ்வளவு காலம் ஆச்சு. 1994ல அத முழுசா மேடையேத்தினது ஜெர்மனியில மாக்டெபர்க். 1932ல மான்ஹைம்ல போட்ட அவரோட முதல் ஒப்பராவும் அதே வருஷம் பெர்லின்ல திரும்ப மேடை ஏறிச்சு. 2018ல ஆஸ்திரியாவுல ப்ரெகென்ஸ் விழாவும் பியாட்ரிச்சே செஞ்சிய மேடைக்கு எடுத்துச்சு. விரட்டினவங்க பக்கத்துலேர்ந்தே கூப்பிட்டுட்டாங்க. 1935லேர்ந்து 1996 அக்டோபர்ல 93 வயசுல சாகற வரைக்கும் அவர் வாழ்ந்தது லண்டன்ல, அந்த ஒப்பரா இருக்கறதும் இங்கிலீஷ்ல.

அவர் எழுதினது எல்லாமே பிரமாதம்னு நான் சொல்ல வரல, ஆரம்பத்து ஒண்ணு ரெண்டுல ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டெமித்தோட சாயல் எட்டிப் பாக்கும். ஆனா செல்லோ கன்சர்ட்டோவ ஒரு தடவை உக்காந்து கேளுங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஆகவே தயவு செஞ்சு கேட்டுக்கறது இதுதான். பெரிய ஒப்பரா அரங்கு வச்சிருக்கறவங்க பியாட்ரிச்சே செஞ்சிய முழு மேடை அமைப்போட, எழுதின பாஷையிலயே போடுங்க. ஆர்கெஸ்ட்ரா நடத்தறவங்க, அடுத்த தடவை மாலர் பத்தாவது எடுக்கும்போது அதுக்கு முன்னாடி கோல்ட்ஷ்மிட்டோட பாஸகாலியாவ வையுங்க, 1925ல அவருக்கு மெண்டல்சோன் பரிசு வாங்கிக் குடுத்த ஆர்கெஸ்ட்ரா உருப்படி, சின்னதுதான், ராத்திரி கச்சேரி ஒண்ணும் நீண்டுடாது. ப்ரோக்ராம் புக்ல இசையமைப்பாளர்னும் போடுங்க. அடுத்த சீசன் பட்டியல் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இத ஒரு தடவை பேசிப் பாக்கணும்னு ரொம்பத் தாழ்மையா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
உங்க அரங்குகளுக்கு டிக்கெட் வாங்கி வர்ற ஒரு ரசிகன்